கணினி எடுத்த முடிவுக்கும் காரணம் கேளுங்கள்

உதவித்தொகையை நிறுத்தியோ, வாங்கிய பணத்தைத் திருப்பிக் கட்டச் சொல்லியோ அரசிடமிருந்து வரும் கடிதத்தில் பல நேரம் முடிவு மட்டும் இருக்கும், காரணம் இருக்காது. முடிவைக் கணினி எடுத்திருந்தால் நிலைமை இன்னும் மோசம். தப்பு செய்யவில்லை என்று நிரூபிக்கும் சுமை குடிமக்கள் தலையில் விழுகிறது.

உதவித்தொகை கூடுதலாகப் போய்விட்டது என்று கணினியே கணக்கிட்டுத் திருப்பிக் கேட்ட ஆஸ்திரேலியாவின் 'ரோபோடெட்' திட்டத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். வரித்துறையிடம் இருந்த ஆண்டு வருமானத்தை 26 இருவாரங்களுக்குச் சமமாகப் பிரித்து, உதவி பெற்றவர் அவ்வப்போது தெரிவித்த வருமானத்தோடு கணினி ஒப்பிட்டது. ஒருவர் ஆறு மாதம் உழைத்து 26,000 டாலர் ஈட்டினார், மீதி ஆறு மாதம் வேலையின்றி உதவி பெற்றார் என்று வையுங்கள். வேலையே இல்லாத காலத்திலும் இருவாரத்துக்கு 1,000 டாலர் வந்ததாகக் கணக்கு காட்டும். வருமானத்தை மறைத்தவர் ஆகிவிடுவார். பல ஆண்டு பழைய சம்பளச் சீட்டைக் காட்ட முடியாதவர்கள் கடனாளி ஆக்கப்பட்டார்கள். அது நியாயமும் இல்லை, சட்டப்படியும் இல்லை என்று 2023-இல் விசாரணை ஆணையம் சொன்னது.

இத்தனைக்கும் அதில் செயற்கை நுண்ணறிவு கிடையாது, வெறும் வகுத்தல்தான். ஆகவே "நாங்கள் ஏஐ பயன்படுத்துவதில்லை" என்ற பதிலோடு நின்றுவிடாதீர்கள். தானியங்கிக் கணக்கீடோ, கணினி போடும் சந்தேக மதிப்பெண்ணோ எந்தக் கட்டத்தில் பயன்பட்டது என்று கேளுங்கள்.

"கடைசியில் ஓர் அதிகாரி பார்க்கிறாரே" என்பார்கள். நெதர்லாந்தில் குழந்தைப் பராமரிப்பு உதவி விண்ணப்பங்களுக்கு வரித்துறை மென்பொருள் மதிப்பெண் போட்டது. டச்சுக் குடியுரிமை இல்லாததும் சந்தேகத்தைக் கூட்டும் காரணியாக இருந்தது. கோப்பைப் பார்த்த அலுவலருக்கோ மதிப்பெண் ஏன் உயர்ந்தது என்றே தெரியாது. பல்லாயிரம் குடும்பங்களை நொடித்த அந்த உதவித்தொகை விவகாரத்தில், 2021 ஜனவரியில் அமைச்சரவையே பதவி விலகியது. காரணம் தெரியாத அதிகாரி போடும் கையெழுத்தை மறுபரிசீலனை என்று ஏற்கவே கூடாது.

கடிதம் வந்தால் முதலில் மேல்முறையீட்டுக் கெடுவைப் பாருங்கள். விளக்கம் கேட்டு எழுதியதால் கெடு தானாக நீளும் என்று நம்பிவிடாதீர்கள். எழுத்துமூலம் கேட்க வேண்டியவை: என்னைப் பற்றிய எந்தத் தகவல், எந்தத் துறையிலிருந்து, எந்தத் தேதியில் எடுக்கப்பட்டது? எந்தச் சட்டப்பிரிவின்படி முடிவு? பொறுப்பான அதிகாரி யார்? மேல்முறையீடு முடியும்வரை வசூலை நிறுத்திவைக்கவும் அதிலேயே கோருங்கள். தகவல் தவறு என்றால் அது பிறந்த துறையிலும் திருத்த வேண்டும். இல்லாவிட்டால் அடுத்த முறை தரவு இறங்கும்போது பழைய பிழையே திரும்பி வரும்.

அலுவலக நிர்வாகிகளுக்கு ஓர் எளிய சோதனை: இயந்திரத்தின் பரிந்துரையை உங்கள் அலுவலர்கள் எத்தனை முறை மாற்றினார்கள் என்று எண்ணிப் பாருங்கள். ஏறத்தாழ ஒருமுறைகூட இல்லை என்றால், அங்கே யாரும் கோப்பைத் திறந்து படிக்கிறார்களா என்று உடனே விசாரியுங்கள்.