பிள்ளைக்கு மட்டக்குதிரை வாங்கப் போகிறீர்களா? குணத்தைக் கேட்பதற்கு முன் தோலையும் குளம்பையும் பாருங்கள்

பள்ளி விடுமுறை நெருங்கினால் எனக்கு ஒரே மாதிரி அழைப்புகள் வரும். "டாக்டர், பிள்ளை குதிரை வேணும்னு ஒரே அடம், எந்த ஜாதி வாங்கினா சாதுவா இருக்கும்?" மலேசியாவின் சுங்கை சிப்புட் வட்டாரத்துத் தோட்டங்களில் மாடு, ஆடு பார்க்கிற கால்நடை மருத்துவர் நான். செம்பனை ஓரத்தில் கொஞ்சம் நிலமும் மாட்டுக் கொட்டகையும் இருக்கிற சில குடும்பங்கள் இப்போது மட்டக்குதிரையும் வளர்ப்பதால் அவற்றையும் பார்க்கிறேன். ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்த ரகம் சாது, அந்த ரகம் முரடு என்று நீங்கள் படிப்பதெல்லாம் அந்தக் குதிரை பிறந்த ஊரின் குளிரில், அந்த ஊர்ப் புல்லைத் தின்றுகொண்டிருந்தபோது பார்த்து எழுதியது. நம் புழுக்கத்தில், நாம் போடுகிற தீவனத்தில் அதே குதிரை வேறு மாதிரி நடந்துகொள்ளும், அதற்குக் காரணம் பெரும்பாலும் உடம்பில் இருக்கிற வலியும் அரிப்பும்தான்.

மட்டக்குதிரை என்றால் குதிரைக்குட்டி என்று இன்னும் பலர் நினைக்கிறார்கள். முழுதாக வளர்ந்தாலும் அது அவ்வளவுதான். கழுத்து முடிந்து முதுகு தொடங்குகிற மேட்டில் அளந்து, 148 சென்டிமீட்டருக்குள் இருந்தால் போட்டிகளில் மட்டக்குதிரை என்று சேர்ப்பார்கள். நன்றாகப் பார்த்துக்கொண்டால் 25, 30 வயது வரை இருக்கும். இன்று ஏறி உட்காருகிற பிள்ளை கல்யாணம் முடித்துப் போன பிறகும் அது உங்கள் கொட்டகையில்தான் நிற்கும், அதையும் யோசித்துக்கொள்ளுங்கள்.

அதிகம் பேர் கேட்பது ஷெட்லாந்து. ஸ்காட்லாந்துக்கு வடக்கே காற்றும் குளிருமாக இருக்கிற தீவுகளில் உருவான இனம், உயரம் 107 சென்டிமீட்டரைத் தாண்டாது, ஆனால் உடம்பின் அளவுக்குப் பலம் மிக அதிகம். பிரிட்டனில் பெண்களையும் 10 வயதுக்குட்பட்ட பையன்களையும் நிலக்கரிச் சுரங்கத்துக்குள் இறக்கக் கூடாது என்று 1842இல் சட்டம் வந்த பிறகு, கீழே நிலக்கரி வண்டி இழுக்க இவற்றை அதிகமாக இறக்கினார்கள். நல்ல புத்திசாலி, பாசமும் காட்டும். ஆனால் வீட்டில் யார் உறுதியாக நிற்கிறார்கள், யார் விட்டுக்கொடுத்துவிடுவார்கள் என்பதைச் சீக்கிரமே கண்டுபிடித்துவிடும், கையிலேயே ரொட்டியும் சீனியும் கொடுத்துப் பழக்கினால் அப்புறம் அந்தக் கையைக் கடிக்கும்.

எனக்கு ஷெட்லாந்து பிடிக்கும், ஆனாலும் நம் ஊருக்கு அதை வாங்கச் சொல்ல மனம் வருவதில்லை. அதன் முடி கம்பளிப் போர்வை மாதிரி இரண்டு அடுக்கு. குளிர் நாடுகளில் பகல் பொழுது நீள்வதையும் குறுகுவதையும் வைத்துத்தான் குதிரைக்கு முடி உதிர்வதும் வளர்வதும் நடக்கிறது, நமக்கோ வருடம் முழுக்கப் பகல் ஏறத்தாழ 12 மணி நேரம், அதனால் அந்த முடி ஒழுங்காக உதிராமல் திட்டுத்திட்டாக நின்றுவிடும். குதிரை வியர்வையால் உடம்பைக் குளிர்விக்கிற மிருகம், காற்றில் ஈரம் நிறைந்திருந்தால் வியர்வை காயாது, சூடு உள்ளேயே தங்கிவிடும். போதாததற்கு, விடியற்காலையிலும் பொழுது சாயும்போதும் வருகிற பொடிப் பூச்சிகள் கடித்தால் ஷெட்லாந்து, வெல்ஷ் போன்ற இனங்களுக்கு ஒவ்வாமை வந்து பிடரியும் வாலடியும் புண்ணாகும் வரை வேலிக் கம்பத்தில் தேய்த்துக்கொண்டே நிற்கும். பிள்ளை சேணத்தைத் தூக்கிக்கொண்டு கிட்டே போனால் உதைக்கும். "முரட்டு ஜாதி" என்று பெயர் வைத்துவிடுவோம். உதிராமல் நிற்கிற முடியை மெஷினில் வெட்டிவிட்டு, கொட்டகையில் ஒரு பெரிய காற்றாடியை மாட்டினால் (அந்தப் பூச்சிகளால் காற்றை எதிர்த்துப் பறக்க முடியாது) அதே குதிரை எவ்வளவு மாறுகிறது என்று பாருங்கள்.

வெல்ஷ் மலை மட்டக்குதிரை அழகு, சுறுசுறுப்பு, பயமில்லாமல் ஓடும். ஏற்கெனவே ஓட்டப் பழகிய பிள்ளைக்குச் சரி, முதல் தடவை ஏறுகிற பிள்ளைக்கு அந்தச் சுறுசுறுப்பே பயத்தைத் தரும். அயர்லாந்தின் மேற்குக் கரையில் பிறந்த கொன்னெமாரா நிதானமானது, நன்றாகத் தாண்டும், பெரியவர்களும் ஏறலாம். வட இத்தாலியின் தென் டிரோல் மலைப்பகுதியிலிருந்து வந்த ஹாஃப்லிங்கர், செம்பட்டை உடம்பும் வெளுத்த பிடரியுமாக இருக்குமே, அதன் பொறுமைக்கு ஈடே இல்லை, ஆனால் விலையும் இறக்குமதிச் செலவும் நம்மைப் போன்றவர்களுக்குக் கட்டாது.

நான் மனதார வாங்கச் சொல்வது இந்தப் பக்கத்து ரத்தம். சபாவில் கோத்தா பெலுட் போனால் பஜாவ் மக்கள் அலங்காரத் துணி போர்த்தி ஓட்டி வருகிற சின்னக் குதிரைகளைப் பார்க்கலாம், மலாயில் குடா பாடி என்பார்கள். சுமத்திராவின் பாத்தாக் மலைநாட்டுக் குதிரை, சும்பா தீவின் சந்தனமரக் குதிரை, திமோர் குதிரை எல்லாம் இந்தோனேசியா பக்கம். பினாங்கிலும் சிங்கப்பூரிலும் அந்தக் காலத்தில் வாடகை வண்டி இழுத்தவற்றில் டெலியிலிருந்து கப்பலில் வந்த சுமத்திரா மட்டக்குதிரைகளும் இருந்தன, ஆக நம் தாத்தா பாட்டிகள் பார்த்த குதிரையும் இதுவாகவே இருந்திருக்கும். மெல்லிய தோல், குட்டை முடி, கல் மாதிரி குளம்பு. பாத்தாக் சாந்தமானது, திமோர் உழைப்பாளி, சந்தனமரக் குதிரை கொஞ்சம் துடிப்பு. ஷெட்லாந்து போலக் கொழுகொழுவென்று இருக்காது, படத்தில் அவ்வளவு எடுப்பாகத் தெரியாது, அதனாலேயே பலர் வேண்டாம் என்று விட்டுவிடுகிறார்கள். எனக்கு அதில் வருத்தம்தான்.

எந்த ரகம் வாங்கினாலும் தீவனத்தில் கோட்டை விட்டால் எல்லாம் போச்சு. மாடு வைத்திருக்கிற வீட்டில் குதிரைக்கும் மாட்டுச் சாப்பாட்டையே போட்டுவிடுகிறார்கள். தயவுசெய்து இதைக் கவனியுங்கள்: சில மாட்டுத் தீவனங்களிலும் கோழித் தீவனங்களிலும் மொனென்சின் என்ற மருந்து கலந்திருக்கும், மாட்டுக்கும் கோழிக்கும் அதனால் நன்மை, குதிரைக்கு இதயத் தசையை அழித்துக் கொன்றுவிடும். கொஞ்சமாகச் சாப்பிட்டாலும் ஆபத்து, குதிரையால் வாந்தியெடுத்து வெளியே தள்ளவும் முடியாது. மூட்டையில் என்ன கலந்திருக்கிறது என்று படித்துத் தெரியாவிட்டால் அந்தத் தீவனத்தைக் குதிரைக்கு எட்டாத இடத்தில் பூட்டி வையுங்கள்.

அடுத்தது நேப்பியர் புல்லும் தவிடும். நேப்பியர், செட்டாரியா போன்ற நம் ஊர்ப் புல்லில் ஆக்சலேட் இருக்கிறது, அது சுண்ணாம்புச் சத்தைக் கட்டிப்போட்டுவிடும். மாட்டின் பெருவயிற்றில் இருக்கிற நுண்ணுயிர்கள் அதை உடைத்துவிடும், குதிரைக்கு அந்த வசதி இல்லை. அரிசித் தவிட்டில் பாஸ்பரஸ் அதிகம், சுண்ணாம்பு குறைவு, அதையும் சேர்த்துப் போட்டால் உடம்பு தன் எலும்பிலிருந்தே சுண்ணாம்பை எடுக்கத் தொடங்கும். முகத்தின் இரண்டு பக்கமும் எலும்பு வீங்கும், இன்று ஒரு கால் நாளை வேறு கால் என்று நொண்டும். வீக்கம் தெரிவதற்கு வெகு முன்பே நடக்க மறுக்கும், ஏறினால் காதைப் பின்னால் மடக்கிக்கொள்ளும், "சோம்பேறி" என்று குச்சியால் அடிப்பார்கள். அந்த அடி என்னால் பொறுத்துக்கொள்ள முடியாத ஒன்று. வலியில் இருக்கிற மிருகம் அது. நேப்பியரை மட்டுமே நம்பாமல் காய்ந்த புல்லும் வேறு புல்லும் கலந்து கொடுங்கள், சுண்ணாம்புச் சத்து எவ்வளவு சேர்ப்பது என்பதை மருத்துவரிடம் கேட்டுச் செய்யுங்கள்.

இதற்கு நேர் எதிரான தொல்லை, அளவுக்கு மீறிய சாப்பாடு. மட்டக்குதிரை சத்துக் குறைந்த புல்லில் வாழப் பழகிய உடம்பு, தானியமும் சீனியும் பழமும் கொடுத்துக்கொண்டே இருந்தால் பிடரி தடித்து, குளம்புக்குள் இருக்கிற எலும்பைச் சுவரோடு பிடித்து வைத்திருக்கும் சதை வீங்கிவிடும், லாமினைடிஸ் என்பார்கள். முன்கால்களை நீட்டி உடம்பைப் பின்னால் சாய்த்து நிற்கும், குளம்பைத் தொட்டால் சுடும். அப்படிப் பார்த்தால் நடக்க வைக்காதீர்கள், அன்றைக்கே கூப்பிடுங்கள். கொழுத்த மட்டக்குதிரையை மெலியவைக்கப் பட்டினி போடுவதும் கூடாது, ரத்தத்தில் கொழுப்பு ஏறி உயிருக்கே ஆபத்து வந்துவிடும். மெதுவாகத்தான் குறைக்க வேண்டும்.

குடும்ப தினத்திலும் கல்யாணத்திலும் சின்னக் குதிரை மேல் பெரியவர்கள் ஏறிப் படம் எடுக்கிறார்கள். சேணத்தையும் சேர்த்துக் குதிரையின் எடையில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் ஏற்றக் கூடாது என்பது பொதுவான கணக்கு. 180 கிலோ ஷெட்லாந்துக்கு அது 36 கிலோ. அப்பாக்கள் கீழே நின்று பிடித்துக்கொண்டால் போதும்.

சரி, வாங்கப் போகும்போது என்ன பார்ப்பது? காயடித்த ஆணாகவோ அமைதியான பெண்ணாகவோ, எட்டு வயதுக்கு மேல், ஏற்கெனவே பிள்ளைகளைச் சுமந்ததாகத் தேடுங்கள். காயடிக்காத ஆண் குதிரை பிள்ளைக்கு வேண்டவே வேண்டாம். விற்பவரிடம் நேரம் சொல்லாமல் மத்தியான வெயிலில் போய் நில்லுங்கள். திடலில் விட்டிருக்கும் குதிரையை உங்கள் முன்னாலேயே பிடிக்கச் சொல்லுங்கள், நாலு காலையும் தூக்கச் சொல்லுங்கள், வயிற்றுப் பட்டையை இறுக்கும்போது முகத்தைப் பாருங்கள், விற்பவர் வீட்டு ஆளே முதலில் ஏறி ஓட்டட்டும். மயக்க மருந்து கொடுத்துச் சாதுவாகக் காட்டுகிற ஆட்களும் இருக்கிறார்கள், சந்தேகம் வந்தால் ரத்தம் எடுத்து வைக்கச் சொல்வது உங்கள் உரிமை. வாங்கிய வாரத்திலேயே இசிவுநோய்த் (டெட்டனஸ்) தடுப்பூசி போட்டுவிடுங்கள், துருப்பிடித்த ஆணியும் கம்பியும் கிடக்கிற தோட்டத்து நிலத்தில் குதிரைக்கு அது வராமல் இருக்க வேறு வழியில்லை. தனியாகவும் கட்டாதீர்கள், இன்னொரு குதிரை இல்லாவிட்டால் ஒரு ஆடாவது பக்கத்தில் நிற்கட்டும்.

முன்பணம் கொடுப்பதற்கு முன்னால் எனக்கோ உங்கள் ஊர்க் கால்நடை மருத்துவருக்கோ ஒரு போன் போடுங்கள். பல்லும் குளம்பும் கண்ணும் மூச்சும் பார்த்துச் சொல்லிவிடுவோம்.