அரை மணி வேலைக்கு ஒரு நாள் காத்திருப்பு

சுங்கை சிப்புட்டில் விடியுமுன் காரை எடுத்தோம். அத்தைக்கு ஆஞ்சியோ. எட்டு மணிக்குப் பெயர் பதிந்தோம். உள்ளே அழைத்தது பிற்பகல் மூன்றுக்கு. மணிக்கட்டு வழியே மெல்லிய குழாயைச் செலுத்தி, சாயம் விட்டு, இருதய இரத்தக் குழாய்களை எக்ஸ்ரேயில் பார்த்து முடிக்க அரை மணிகூட ஆகவில்லை.

"டாக்டர் மெதுவா செய்வாரோ?" என்றார் அத்தை. இல்லை. நேரம் போவது சிகிச்சை மேசைக்கு முன்னும் பின்னும்தான்.

அத்தை முப்பது வருடம் ரப்பர் தோட்டத்தில் பால் மரம் வெட்டியவர். பெரட்டு, அதாவது காலையில் ஆள் கணக்கெடுப்பது, அரை மணி பிந்தினால் வெயில் ஏறிவிடும், பால் ஓட்டம் குறையும், அன்றைய பாடு போச்சு. ஆஞ்சியோ செய்யும் அறையான கேத் லேபும் அப்படித்தான். காலையில் முதல் நோயாளியின் சிறுநீரகப் பரிசோதனை முடிவு வரவில்லை, சம்மதப் படிவத்தில் கையெழுத்தில்லை என்றால் அவருக்குப் பின்னால் இருக்கும் அத்தனை பேரும் தள்ளிப் போவார்கள். இரத்தப் பரிசோதனையைச் சில நாள் முன்பே எடுத்து, இரத்தம் உறையாமலிருக்கச் சாப்பிடும் மாத்திரை பற்றி முதல் நாளே போனில் கேட்டுவிட்டால் இந்தத் தாமதம் பெரும்பாலும் வராது.

வெளியேறும் வாசல்தான் எனக்குப் பெரிதாகப் படுகிறது. பால் நிறுக்கும் ஸ்டோரில் தொட்டி நிரம்பிவிட்டால் தராசு சும்மா இருந்தும் பால் வாளிகள் வரிசையில் நிற்கும். சிகிச்சை முடிந்தவரைப் படுக்கவைக்கக் கட்டில் இல்லையென்றால் மேசையும் அப்படியே முடங்கும். தொடை வழியே குழாய் ஏற்றினால் பல மணி நேரம் காலை அசைக்காமல் படுக்க வேண்டும். 1989இல் கனடா மருத்துவர் லூசியன் காம்போ மணிக்கட்டு வழியே ஆஞ்சியோ செய்து காட்டினார். இப்போது கையில் ஒரு பட்டையை இறுக்கிவிட்டு நாற்காலியில் உட்காரவைக்கலாம். கட்டில் மிச்சம்.

சரி, மேசையை முழுக்க நிரப்பிவிடலாமா? கூடாது. மாரடைப்போடு வருபவருக்கு 90 நிமிடத்துக்குள் அடைப்பைத் திறக்க வேண்டும் என்பது பொதுவான இலக்கு. அவர் எப்போது வருவார் என்று யாருக்கும் தெரியாது. ஒரே மேசை, முன்கூட்டிச் சொல்ல முடியாத வருகை, அதேபோல் கூடிக் குறையும் சிகிச்சை நேரம் என்று வைத்து எளிய வரிசைக் கணக்குப் போட்டால், மேசை 80 விழுக்காடு நிரம்பும்போது சராசரிக் காத்திருப்பு ஒரு சிகிச்சை நேரத்தைப் போல 4 மடங்கு. 90 விழுக்காட்டில் 9 மடங்கு! கொஞ்சம் காலியிடம் விடுவது வீண் அல்ல, அதுதான் உயிர் காக்கும் இடம்.

அத்தைக்கு அடுத்த மாதம் ஸ்டெண்ட், அதாவது இரத்தக் குழாயைத் திறந்து வைக்கும் சின்ன வலைக்குழாய், வைக்கிறார்கள். இரத்தப் பரிசோதனையை எங்கள் ஊர் கிளினிக்கிலேயே எடுத்து வரலாமா என்று கேட்டேன். "தாராளமா எடுத்துட்டு வாங்க, காலையிலேயே கூப்பிட்டுடலாம்" என்றார் தாதி.