கோகர்ணக் கடலோரம் தனியாக நடப்பவர்களுக்கு: நேரத்தைக் குறித்துக் கொடுப்பது ஓதம்

"மலையா ஏறப்போகிறோம், மணலில்தானே நடக்கப்போகிறோம்" என்ற நினைப்போடு கோகர்ணம் வருபவர்கள் நிறைய. கணுக்கால் பிசகியவர்கள், வெயிலில் சுருண்டு விழுந்தவர்கள், இரண்டு பாறைகளுக்கு நடுவே தண்ணீர் ஏறி மாட்டிக்கொண்டவர்கள் என்று உதவி கேட்டு வருபவர்களில் பெரும்பாலோர் இந்த நினைப்போடு கிளம்பியவர்கள்தான். கடலோர நடைக்கு வழிகாட்டுவதும் முதலுதவி கற்பிப்பதும் எங்கள் வேலை. குறைந்த செலவில், துணையில்லாமல் இந்தப் பாதையில் நடக்க விரும்புகிறவர்கள் கிளம்புவதற்கு முன் தெரிந்துகொள்ள வேண்டியவற்றை இங்கே சொல்கிறோம்.

முதலில் இடம். கர்நாடகத்தின் உத்தர கன்னட மாவட்டத்தில், குமட்டா தாலுகாவில் இருக்கிறது கோகர்ணம். சம்பந்தரும் அப்பரும் பாடிய தலம் என்பதால் தமிழர்களுக்கு மகாபலேசுவரர் கோயில் புதிதல்ல. கோயிலை ஒட்டிய பெரிய கடற்கரையிலிருந்து தெற்கே குட்லே, ஓம், அரைநிலா, பாரடைஸ் என்று கடற்கரைகள் வரிசையாக வரும். ஒவ்வொன்றுக்கும் இடையில் செம்பாறை மேடு ஒன்று கடலுக்குள் மூக்கு நீட்டி நிற்கும். பாரடைஸைத் தாண்டினால் பெலெகான், அடுத்து ததடி. அங்கே அகநாசினி ஆறு கடலில் கலக்கிறது. ஆற்றைப் படகில் கடந்தால் அக்கரையில் அகநாசினி கிராமம். அதற்குத் தெற்கே நிர்வாணா, பாடா, கட்லே கடற்கரைகள் வழியாகக் குமட்டா வரை நடக்கலாம். குமட்டாவிலிருந்து கோகர்ணம் வரை முழுதாக நடந்தால் ஏறத்தாழ 25 கிலோமீட்டர். தனி ஆளாக வருகிறவர் அதை இரண்டு நாளாகப் பிரித்துக்கொள்வதே சரி. கோகர்ணத்திலிருந்து பாரடைஸ் வரை மட்டும் போய்வர ஒரு பகல் போதும்.

முழுத் தூரமும் நடப்பவர்கள் தெற்கிலிருந்து வடக்காக, அதாவது குமட்டாவில் தொடங்கிக் கோகர்ணத்தில் முடிப்பது நல்லது. டிசம்பர், ஜனவரியில் சூரியன் தெற்கே சாய்ந்திருக்கும். வடக்கு நோக்கி நடந்தால் வெயில் முதுகில் விழும், முகத்தில் அடிக்காது. பிற்பகலில் எழும் கடற்காற்றும் எதிரே வந்து உடம்பைக் குளிர்விக்கும். கடைகளும் தங்குமிடங்களும் அதிகம் உள்ள பக்கத்தில் நாள் முடிவது இன்னொரு வசதி. களைத்த பிறகு சாப்பாட்டுக்கு அலைய வேண்டியதில்லை.

இனி ஓதம், அதாவது கடல்நீர் ஏறி இறங்குவது. இந்தக் கரையில் ஒரு நாளைக்கு இரண்டு ஏற்றம், இரண்டு வற்றம். ஓர் ஏற்றத்துக்கும் அடுத்த ஏற்றத்துக்கும் இடையே ஏறத்தாழ 12 மணி 25 நிமிடம். அதனால் ஒவ்வொரு நாளும் நேரம் 50 நிமிடம் போலத் தள்ளிப்போகும். நேற்று ஒருவர் காலை ஒன்பது மணிக்குக் கால் நனையாமல் கடந்த பாறையில், நான்கு நாள் கழித்து அதே ஒன்பது மணிக்கு இடுப்பளவு தண்ணீர் இருக்கலாம். "போன வாரம் நண்பன் போனான், ஒன்றும் ஆகவில்லை" என்ற தகவலை இதனால்தான் நம்பக்கூடாது. அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் ஏற்றமும் வற்றமும் பெரிதாக இருக்கும். கார்வார் துறைமுகத்துக்கான ஓத அட்டவணையைப் பார்த்து, வற்றத்தின் உச்ச நேரத்தைத் தாளில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். பாறைகளை ஒட்டி நடக்க வேண்டிய இடங்களை அந்த நேரத்துக்கு இரண்டு மணி முன்பிலிருந்து ஒன்றரை மணி பின்பு வரைக்குள் முடித்துவிட வேண்டும்.

ஒன்றரை மணி என்பதற்குக் காரணம் உண்டு. வற்றம் முடிந்ததும் தண்ணீர் ஒரே சீராக ஏறுவதில்லை. முதல் ஒரு மணி நேரத்தில் மொத்த உயரத்தில் பன்னிரண்டில் ஒரு பங்குதான் ஏறும், இரண்டாம் மணியில் இரண்டு பங்கு. மூன்றாவது, நான்காவது மணிகளில் தலா மூன்று பங்கு ஏறிவிடும். ஆறு மணி நேரத்தில் ஏற வேண்டியதில் பாதி இந்த இரண்டு மணியில் வந்துவிடுகிறது. "மெதுவாகத்தானே ஏறுது, இன்னும் நேரம் இருக்கு" என்று படம் எடுத்துக்கொண்டு நின்றவர்கள் மாட்டிக்கொள்வது இங்கேதான். ஓம் கடற்கரைக்கும் அரைநிலாவுக்கும் இடையே குன்றின் மேல் ஒழுங்கான பாதை இருக்கிறது. அதை விட்டுவிட்டுக் கீழே பாறைகளைச் சுற்றிப் போனால் சீக்கிரம் போய்விடலாம் என்று தோன்றும். அங்கே நேரமும் மிச்சமாகாது, திரும்பி வரும் வழியும் மூடிக்கொள்ளும். துணை இல்லாதவர் மேல்பாதையை விட்டு இறங்கவே வேண்டாம்.

பாறையைப் படிக்கக் கற்றுக்கொள்ளுங்கள். கடலோரப் பாறையைச் சற்றுத் தள்ளி நின்று பார்த்தால் பட்டை பட்டையாக நிறம் மாறுவது தெரியும். மேலே செம்மண் நிறத்தில் காய்ந்த பகுதி. அதன்கீழ் கறுத்த பட்டை. அதற்கும் கீழே சிப்பி ஒட்டிய சொரசொரப்பான பகுதி. அடியில் பச்சைப் பாசி. பாசியைப் பார்த்தால் எல்லோரும் ஒதுங்குவார்கள். ஆளை வீழ்த்துவது கறுத்த பட்டைதான். அலைத்தெறிப்பில் வளரும் நுண்ணிய படலம் அது. காய்ந்த கல்போலத் தெரியும், நாலு சொட்டுத் தண்ணீர் பட்டதும் வழுக்கும். கால் வைக்கும் முன் குதிகாலை ஊன்றாமல் பாதத்தின் முன்பகுதியால் அழுத்திப் பாருங்கள். நகர்ந்தால் அந்த இடம் வேண்டாம். அந்தக் கறுப்பு எவ்வளவு உயரத்தில் இருக்கிறதோ அவ்வளவு உயரத்துக்கு அலைத்தெறிப்பு வழக்கமாக வருகிறது என்றும் அர்த்தம். உட்கார்ந்து கடல் பார்க்க வேண்டுமானால் அதற்கு நன்றாக மேலே உட்காருங்கள்.

அலைகள் கூட்டமாக வரும். பத்து நிமிடம் சின்ன அலைகள் மட்டும் வந்துவிட்டு, திடீரென்று நான்கைந்து பெரிய அலைகள் அடுத்தடுத்து வரும். புதிய பாறைக்குப் போகும் முன் கால் மணி நேரமாவது நின்று பாருங்கள். மார்ச் முடிந்து கோடை தொடங்கினால் இன்னொரு ஆபத்து சேர்ந்துகொள்ளும். தெற்கு இந்தியப் பெருங்கடலில் எங்கோ எழும் புயலின் அலை பல நாள் பயணம் செய்து, இங்கே காற்றே இல்லாத தெளிந்த நாளில் கரையேறும். கேரளக் கரையில் இதைக் கள்ளக்கடல் என்கிறார்கள். 2024 மே மாதம் கன்னியாகுமரி மாவட்டத்தின் லெமூர் கடற்கரையில் ஐந்து மருத்துவ மாணவர்களின் உயிர் போனது இப்படியொரு எச்சரிக்கை இருந்த நாட்களில்தான். ஹைதராபாத்திலுள்ள, கடல்நிலைத் தகவல் தரும் இன்காய்ஸ் என்ற அரசு நிறுவனம் மாவட்ட வாரியாக உயரலை எச்சரிக்கை வெளியிடுகிறது. கிளம்பும் நாள் காலையில் உத்தர கன்னடத்துக்கு எச்சரிக்கை இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் அன்று பாறையும் வேண்டாம், குளியலும் வேண்டாம். ஜூன் முதல் செப்டம்பர் வரை இந்த நடையே வேண்டாம்.

குளிக்க இறங்குபவர்களுக்கு ஒன்று. இருபுறமும் அலை உடைந்து நுரைத்துக்கொண்டிருக்க, நடுவில் மட்டும் ஓர் இடம் அமைதியாக, கலங்கிய நிறத்தில் தெரிந்தால் அது பாதுகாப்பான இடம் அல்ல. தண்ணீர் கடலுக்குத் திரும்பி ஓடும் வாய்க்கால். பாறை மூக்குகளின் ஓரத்தில் இது அடிக்கடி உண்டாகும். இழுத்துப்போனால் கரையை நோக்கி எதிர்நீச்சல் போடாதீர்கள். மல்லாந்து மிதந்து, கையை உயர்த்தி உதவி கேளுங்கள். இழுப்பு தளர்ந்ததும் கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நீந்தி, அலை உடையும் இடம் வந்ததும் கரையை நோக்கித் திரும்புங்கள். தனியாக வந்தவர் உயிர்காப்பாளர் இல்லாத கடற்கரையில் முழங்காலுக்கு மேல் இறங்கக்கூடாது என்பது எங்கள் உறுதியான கருத்து. அரைநிலாவும் பாரடைஸும் அப்படிப்பட்ட இடங்கள்தான்.

மணலில் வேகம் குறையும் என்பதைக் கணக்கில் பிடியுங்கள். அலை நனைத்துப்போன இறுகிய மணலில் மணிக்கு மூன்றரை கிலோமீட்டர், உலர்மணலில் இரண்டரை, பாறையிலும் சரிவிலும் ஒன்று அல்லது ஒன்றரை. வரைபடச் செயலி காட்டும் நேரம் தார்ச்சாலை நடைக்கானது, அதை இரட்டிப்பாக்குங்கள். டிசம்பர் தொடக்கத்தில் சூரியன் ஆறு மணியை ஒட்டி மறைந்துவிடும், அரைமணியில் இருட்டிவிடும். மாலை நான்கரைக்கு எங்கே இருந்தாலும் அடுத்த மேட்டில் ஏறாமல், சாலை உள்ள பக்கம் திரும்பிவிட வேண்டும். ஓம் கடற்கரைக்கும் பெலெகானுக்கும் சாலை உண்டு. நடுவில் உள்ள இரண்டுக்கும் கிடையாது.

செம்பாறை மேட்டிலிருந்து இறங்கும் இடங்களில் சிறு உருண்டைக் கற்கள் குண்டுமணி கொட்டியதுபோலப் பரவிக் கிடக்கும். கணுக்கால் பிசகுவதில் பெரும்பகுதி அலையோரப் பாறையில் நடப்பதில்லை, இந்தச் சரிவில் நடக்கிறது. முழங்காலைத் தளர்த்தி, சின்னச் சின்ன அடியாக, பக்கவாட்டில் இறங்குங்கள். ரப்பர் செருப்பு இதற்கு உதவாது. குதிகாலைப் பிடிக்கும் வார் உள்ள, அடிப்பாகம் மென்மையான ரப்பரில் அமைந்த சாண்டல் ஒன்று போதும். விலையுயர்ந்த மலையேற்ற பூட்ஸ் நனைந்தால் கனக்குமே தவிர இங்கே பயன் குறைவு. ஒரு கைத்தடி இருந்தால் நல்லது.

தண்ணீர் விஷயத்தில் காசை மிச்சம் பிடிக்காதீர்கள். ஈரக்காற்றில் வியர்வை உலராமல் வழியும், உடம்பு சுலபமாகக் குளிராது. நடக்கும் ஒவ்வொரு மணிக்கும் அரை முதல் முக்கால் லிட்டர் வேண்டும். ஆறு மணி நேர நடைக்கு நான்கு லிட்டர், அதில் ஒரு லிட்டரில் ஓஆர்எஸ் பொட்டலம் கரைத்தது. பெரிய பொட்டலம் ஒரு லிட்டருக்கு என்றால் ஒரு லிட்டரில்தான் கரைக்க வேண்டும். பொட்டலத்தைப் பிரித்துக் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைத்தால் உப்பளவு தவறிவிடும். பொட்டலம் இல்லையென்றால் ஒரு லிட்டர் நல்ல தண்ணீரில் சமமாக வழித்த ஆறு தேக்கரண்டி சர்க்கரை, அரைத் தேக்கரண்டி உப்பு. இளநீரை மட்டும் நம்பாதீர்கள். அதில் பொட்டாசியம் நிறைய, வியர்வையில் போகும் சோடியம் குறைவு. தலைவலி, குமட்டல் வந்தால் அதுவே நிற்க வேண்டிய நேரம். பேச்சு குழறினாலோ நடை தள்ளாடினாலோ அது வெப்பத்தாக்கு. நிழல், உடம்பு முழுக்கத் தண்ணீர், விசிறல், 108, எல்லாமே உடனடியாக. தனியாக இருப்பவருக்குத் தன் குழறல் தெரியாது என்பதால்தான் பதினொன்றரை முதல் மூன்று மணி வரை நிழலில் இருந்துவிடுங்கள் என்கிறோம்.

ஆற்றுமுகத்தில் சேற்றுத்தரை வற்றத்தின்போது வெளியே தெரியும். உள்ளூர்ப் பெண்கள் அதில் சிப்பி பொறுக்குவதைப் பார்த்துவிட்டுக் குறுக்கே நடந்துபோகலாம் என்று எண்ணாதீர்கள். அவர்களுக்கு எங்கே தரை இறுகியது என்று தெரியும். 2024 ஜனவரியில் ராம்சர் இடமாக, அதாவது உலக அளவில் முக்கியமான ஈரநிலமாக அறிவிக்கப்பட்ட கழிமுகம் இது. ஆற்றைக் கடக்கப் படகு உண்டு. கடைசிப் படகு எத்தனை மணிக்கு என்பதை முதல்நாளே விசாரியுங்கள். அது தவறினால் சாலை வழியே நெடுந்தூரம் சுற்ற வேண்டும். ஆழமற்ற நீரில் கால் வைக்க நேர்ந்தால் தூக்கி வைக்காமல் தேய்த்து நகருங்கள், மணலுக்குள் படுத்திருக்கும் திருக்கை விலகிப் போய்விடும். திருக்கை குத்தினால், தாங்கக்கூடிய சூட்டுத் தண்ணீரில் காலை அமிழ்த்துவது வலியைக் குறைக்கும். பிறகு மருத்துவமனை.

சிப்பிக் கீறலைச் சாதாரணமாக நினைக்காதீர்கள். ஓட்டுத் துணுக்கு உள்ளே தங்கினால் இரண்டு நாளில் சீழ் பிடிக்கும். குடிக்கும் தண்ணீரை அரை லிட்டராவது ஊற்றிக் கழுவி, துணுக்கை எடுத்து, மூடிக் கட்டுங்கள். சிவப்பு பரவினாலோ காய்ச்சல் வந்தாலோ அன்றே மருத்துவரிடம் போக வேண்டும். நீரிழிவோ ஈரல் நோயோ உள்ளவர்கள் அதுவரைகூடக் காத்திருக்கக்கூடாது. கடல்நீரில் வாழும் சில பாக்டீரியாக்கள் அவர்களிடம் மிக வேகமாகப் பரவும்.

செலவு பற்றி. சென்னையிலிருந்து மங்களூருவுக்கு இரவு ரயில், அங்கிருந்து கொங்கண் பாதையில் மட்காவ் போகும் மெமு என்ற பயணிகள் மின்ரயில். குமட்டாவிலோ கோகர்ண ரோடிலோ இறங்கலாம். கோகர்ண ரோடு நிலையம் ஊரிலிருந்து ஏறத்தாழ பத்து கிலோமீட்டர். தனி ஆட்டோ பிடித்தால் மெமு கட்டணத்தைவிடக் கூடுதலாகிவிடும், பங்கு ஆட்டோ கிடைக்குமா என்று பாருங்கள். குமட்டாவில் இறங்கினால் கோகர்ணத்துக்கு அரசுப் பேருந்து உண்டு. கர்நாடகத்தின் சக்தி திட்ட இலவசப் பயணம் அந்த மாநிலப் பெண்களுக்கு மட்டுமே. நம்மூர்ப் பெண்கள் பயணச்சீட்டு எடுக்க வேண்டும். டிசம்பர் கடைசி வாரமும் சிவராத்திரியும் அறை வாடகை எகிறும் காலம். கடற்கரையில் கூடாரம் அடித்து வாடகையை மிச்சப்படுத்தும் திட்டம் வேண்டாம். அனுமதியில்லாமல் தங்குபவர்களை நள்ளிரவில் கிளப்பிவிடுவதுண்டு, அந்த நேரத்தில் இருட்டில் மேடேறுவதுதான் மிகப் பெரிய ஆபத்து. பாரடைஸிலிருந்து ஓம் திரும்பும் படகில் தனி ஆளுக்கு விலை அதிகம். நான்கைந்து பேர் சேரும்வரை காத்திருந்து, விலை பேசி, உயிர்காப்பு அங்கி கொடுத்தால் மட்டும் ஏறுங்கள்.

கடைசியாக, தனியாகப் போகிறவருக்கு யாராவது ஒருவர் கரையில் இருக்க வேண்டும். வீட்டில் ஒருவர், தங்குமிடத்தில் ஒருவர். இருவருக்கும் கிளம்பும் முன் எழுத்தில் அனுப்புங்கள்: எங்கிருந்து எங்கே, எந்தப் பாதை, சட்டை நிறம், எத்தனை மணிக்குள் அழைப்பேன், அழைக்காவிட்டால் எப்போது அவசர உதவி எண் 112-க்குச் சொல்ல வேண்டும். அரைநிலா, பாரடைஸ் பக்கம் அலைபேசிக் கோபுரம் சரியாக எட்டாது. வரைபடத்தை முன்பே இறக்கி வைத்து, ஓம் மேட்டிலேயே கடைசிச் செய்தியை அனுப்பிவிடுங்கள். கடலில் ஆபத்து என்றால் கடலோரக் காவல்படையின் 1554. திரும்பி வந்து சேர்ந்ததும், குளிக்கப் போகும் முன்பே, அந்த இருவரையும் அழைத்துச் சொல்லிவிடுங்கள். அறைக்கு வந்து தூங்கிவிட்ட ஒருவரை இருட்டில் பாறை பாறையாகத் தேடப் போகிறவர்களும் அதே கறுத்த பட்டையில்தான் கால் வைக்க வேண்டியிருக்கும்.