சேண்ட்பேகிங்: தமிழில் ‘அடக்கி வாசிப்பு’

அமெரிக்கப் பள்ளி, கல்லூரி விளையாட்டுகளில் சீசன் தொடங்கும் முன்பே வீரரைக் கணினி முன் உட்கார வைத்து நினைவாற்றல், கவனம், வேகம் எல்லாவற்றையும் சோதித்துக் குறித்துக்கொள்வார்கள். பிறகு தலையில் அடிபட்டு மூளை அதிர்வு என்று சந்தேகம் வந்தால் மறுபடி அதே தேர்வு. மதிப்பெண் குறைந்திருந்தால் ஆட விடமாட்டார்கள். அதனால் சிலர் முதல் தேர்வையே வேண்டுமென்று சொதப்பி வைக்கிறார்கள், அப்புறம் அடிபட்டாலும் இறக்கம் தெரியாதே என்று. இதுதான் சேண்ட்பேகிங். ஆபத்தான வேலை.

சேண்ட்பேக் என்றால் மணல் மூட்டை. 19ஆம் நூற்றாண்டில் வழிப்பறிக்காரர்கள் சின்னப் பையில் மணலை அடைத்து ஆளை அடிக்க வைத்திருந்தார்கள். பார்க்கச் சாதுவான பை, மண்டையில் விழும்போதுதான் தெரியும். அங்கிருந்து போக்கருக்குப் போனது: நல்ல சீட்டைக் கையில் வைத்துக்கொண்டே ஒன்றும் இல்லாதவர் போல ஆடுவது. இதை ‘மணல்மூட்டையிடல்’ என்று பெயர்த்தால் வெள்ளத்துக்குக் கரை கட்டுவது போலிருக்கும். நம்மிடமே ‘அடக்கி வாசிப்பது’ இருக்கிறது, கச்சேரி மேடையிலிருந்து வந்தது, அதுவே போதும்.

ஆனால் மதிப்பெண்ணை நம்ப முடியாதபோது தேர்வு முடிவில் வரும் ‘இன்வாலிட்’ வேறு சொல். அதை ‘தவறான முயற்சி’ என்று எழுதுவது சரியில்லை. செல்லாத ஓட்டு என்கிறோம், போட்டவர் ஏமாற்றுக்காரர் என்று அதற்குப் பொருளில்லை. அதுபோல இது ‘செல்லாத் தேர்வு’.

இம்பாக்ட் என்ற அந்தக் கணினித் தேர்வில் 12 சொற்களை இரண்டு முறை காட்டிவிட்டு, பிறகு 24 சொற்களை ஒவ்வொன்றாகக் காட்டி, முன்பு பார்த்ததா இல்லையா என்று கேட்பார்கள். கண்ணை மூடிக்கொண்டு அழுத்தினாலே பாதி சரியாக வரும், ஆகவே 69 சதவீதத்துக்குக் கீழே போனால் ‘இன்வாலிட்’ என்ற எச்சரிக்கை. மறதி இருப்பதாக நடிப்பவரைக் கண்டுபிடிக்கும் டாம் என்ற இன்னொரு தேர்வில் 50 படங்களைக் காட்டிவிட்டு, பிறகு இரண்டிரண்டாகக் காட்டி, முன்பு பார்த்ததைத் தேர்ந்தெடுக்கச் சொல்வார்கள். குருட்டாம்போக்கில் 25 வரும் இடத்தில் ஒருவர் 10 மட்டும் எடுத்தால்? சரியான விடை தெரிந்தேதான் தவிர்த்திருக்கிறார்.

அவ்வளவு தெளிவாக எப்போதும் அமைவதில்லை. தூக்கமில்லாத இரவு, கூட்டமான அறை, கவனக்குறைபாடு, இடது பொத்தானையும் வலது பொத்தானையும் மாற்றிப் புரிந்துகொண்டது, எதற்கும் எச்சரிக்கை வரலாம். அதனால் முதலில் ‘செல்லாத் தேர்வு’ என்று மட்டும் எழுதுங்கள். பிள்ளையிடம் நேற்று தூங்கினாயா என்று கேட்டு, தனி அறையில் மறுபடி உட்கார வைத்த பிறகே அடக்கி வாசித்தானா என்ற பேச்சு.