பிடித்த எண்ணை முதலில் சோதியுங்கள்

"இந்தத் திட்டத்தில் சேர்ந்தவர்களில் 223 பேரின் நிலை முன்னேறியது, 75 பேருக்கு மட்டுமே பலனில்லை." இப்படி ஒரு செய்தி வந்தால் திட்டம் வெற்றி என்றே படும். ஆனால் இந்த இரண்டு எண்களை வைத்து எந்த முடிவுக்கும் வர முடியாது. திட்டத்தில் சேராதவர்கள் என்ன ஆனார்கள்? அவர்களில் 107 பேர் தாமாகவே முன்னேறினார்கள், 21 பேர் முன்னேறவில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். இப்போது வகுத்துப் பாருங்கள். சேர்ந்த 298 பேரில் முன்னேறியவர்கள் 75 சதவீதம். சேராத 128 பேரில் 84 சதவீதம். வெற்றியாகத் தெரிந்த திட்டம், சேராமல் இருந்தவர்களைவிடப் பின்தங்கி நிற்கிறது.

இந்த நான்கு எண்களும் அமெரிக்காவில் டான் கஹானும் அவருடைய குழுவினரும் 2013-இல் வெளியிட்ட ஆய்வில் பயன்பட்டவை. தோலுக்குப் போடும் ஒரு களிம்பின் சோதனை முடிவு என்று சொல்லி இவற்றைக் கொடுத்தபோது பாதிக்கும் மேற்பட்டவர்கள் தவறாகப் படித்தார்கள். கணக்கில் தேர்ந்தவர்கள் ஓரளவு சரியாகப் படித்தார்கள். அதே எண்களைத் துப்பாக்கிக் கட்டுப்பாட்டுச் சட்டத்தின் விளைவு என்று கொடுத்ததும் நிலைமை மாறியது. எண்கள் காட்டும் முடிவு தங்கள் அரசியல் சார்புக்கு ஒத்துப்போனபோது கணக்கில் தேர்ந்தவர்கள் அதைச் சரியாகக் கண்டுபிடித்தார்கள். ஒத்துப்போகாதபோது அவர்களிலும் பலர் கோட்டைவிட்டார்கள். இரு அரசியல் தரப்புக்கும் இடையிலான பிளவு கணக்குத் திறமை உள்ளவர்களிடம்தான் அதிகம். படித்தவர்கள் ஏமாற மாட்டார்கள் என்ற நம்பிக்கையை இதற்குப் பிறகும் வைத்திருப்பது ஆபத்து.

அதனால் நாம் ஆதரிக்கும் கட்சியோ இயக்கமோ சொல்லும் எண்ணை முதலில் சோதிக்க வேண்டும். ஒரு தாளில் நான்கு கட்டம் போடுங்கள். மேல் வரிசை கொள்கை நடைமுறைக்கு வந்த இடங்களுக்கு, கீழ் வரிசை வராத இடங்களுக்கு. ஒவ்வொரு வரிசையிலும் முன்னேறியவை ஒரு கட்டத்தில், முன்னேறாதவை மறு கட்டத்தில். மேடைப் பேச்சும் ஃபார்வேர்டு செய்திகளும் பெரும்பாலும் முதல் கட்டத்தை மட்டுமே நிரப்பும். மற்ற மூன்றும் காலியாக இருக்கும்வரை "இது வேலை செய்கிறது" என்று பகிராதீர்கள், "இது தோல்வி" என்றும் பகிராதீர்கள்.

நான்கு கட்டமும் நிரம்பினாலும் ஒரு பொறி பாக்கி இருக்கிறது. சென்ற ஆண்டு மிக அதிக விபத்து நடந்த சந்திப்பில் கேமரா வைக்கிறார்கள். இந்த ஆண்டு விபத்து குறைகிறது. மிக மோசமான ஆண்டுக்குப் பிறகு, எதுவும் செய்யாவிட்டாலும், எண் பெரும்பாலும் வழக்கமான அளவை நோக்கித் திரும்பும். கேமரா உதவியதா என்று அறிய, முந்தைய நான்கைந்து ஆண்டு எண்களும், அதே அளவு விபத்து நடந்தும் கேமரா வைக்காத சந்திப்புகளின் எண்களும் வேண்டும்.

சதவீதத்தில் நடக்கும் குழப்பம் எளிதானது, ஆனால் ஓயாமல் நடக்கிறது. வரி 10 சதவீதத்திலிருந்து 12 சதவீதமானால் அது 2 சதவீதப் புள்ளி உயர்வு. வரி விகிதம் கூடியது 20 சதவீதம். இரண்டுமே உண்மை. ஆளுங்கட்சி 2 என்று சொல்லும், எதிர்க்கட்சி 20 என்று சொல்லும். "எத்தனையிலிருந்து எத்தனைக்கு?" என்று கேட்டால் போதும். அடிப்படை ஆண்டையும் கேளுங்கள். கொரோனாவால் பயணங்கள் முடங்கிய 2020-ஐ அடிப்படையாக வைத்தால் சுற்றுலாத் துறையின் வளர்ச்சி அநேகமாக எந்த நாட்டிலும் மலைக்கவைக்கும்.

கருத்துக்கணிப்பில் ஒருவருக்கு 42, மற்றவருக்கு 38 என்றால் "4 புள்ளி முன்னிலை" என்று தலைப்புச் செய்தி வரும். 1,000 பேரை முறையாகத் தேர்ந்தெடுத்துக் கேட்டிருந்தாலும் ஒவ்வொரு எண்ணுக்கும் சுமார் 3 புள்ளி பிழை வரம்பு உண்டு, அதாவது உண்மை நிலை அந்த அளவு கூடவோ குறையவோ இருக்கலாம். இருவருக்கும் இடையிலான வித்தியாசத்துக்கு அது ஏறக்குறைய ஐந்தரை. ஆகவே அந்த 4 புள்ளியை வைத்து யார் முந்துகிறார் என்று உறுதியாகச் சொல்ல முடியாது. மாதிரி பெரிதாக, அதாவது கேட்கப்பட்டவர்கள் அதிகமாக, இருந்தால் மட்டும் தப்பித்துவிடலாம் என்றும் இல்லை. 1936-இல் அமெரிக்காவின் லிட்டரரி டைஜஸ்ட் பத்திரிகை சுமார் 1 கோடி பேருக்கு அட்டை அனுப்பி, 20 லட்சத்துக்கும் அதிகமான பதில்களைப் பெற்று, அதிபர் தேர்தலில் ரூஸ்வெல்ட்டை எதிர்த்து நின்ற லாண்டன் வெல்வார் என்றது. ரூஸ்வெல்ட் 48 மாநிலங்களில் 46-ஐ வென்றார். முகவரிகளில் பெரும்பகுதி தொலைபேசி வைத்திருந்தவர்கள், கார் வைத்திருந்தவர்கள் பட்டியலிலிருந்து, அதாவது அன்று ஓரளவு வசதியாக இருந்தவர்களிடமிருந்து, வந்தது. பதில் போட்டவர்களும் போடாதவர்களும் ஒரே மனநிலையில் இல்லை. விருப்பப்பட்டவர்கள் மட்டும் வாக்களிக்கும் இணையக் கணிப்புகளில் இன்றும் இதே கோளாறுதான்.

ஒரு கொள்கை பற்றி வாதிடும் முன், எந்த எண், எந்தத் தேதிக்குள், எவ்வளவு மாறாவிட்டால் தோல்வி என்று ஒப்புக்கொள்வீர்கள் என்பதை எழுதிவையுங்கள். முடிவு வெளிவரும் முன்பே எழுத வேண்டும். வந்தபிறகு எழுதினால் அளவுகோல் நம்மை அறியாமலே நகர்ந்துவிடும். எழுதியதும் திட்டத்தைக் கொண்டுவந்த கட்சியின் பெயரை அடித்துவிட்டு, எதிர்த்தரப்பின் பெயரைப் போட்டுப் படியுங்கள். அப்போது அளவைக் கடுமையாக்கத் தோன்றினால், அந்தக் கடுமையான அளவையே இரு தரப்புக்கும் வையுங்கள்.