ஆர்கன் கேட்கிறது, பிரசங்கம் கேட்கவில்லை

“ஆர்கன் நல்லா கேட்குது, பாட்டும் கேட்குது. புதுசா வந்த ரெக்டர்தான் வாய்க்குள்ளேயே பேசுறாங்க.”

கிளினிக்கில் என் எதிரே உட்கார்ந்ததும் அந்தப் பெரியவர் வைத்த முதல் புகார் இது (ரெக்டர் என்றால் சபையின் குருவானவர்). வயது 78. எபிஸ்கோப்பல் சபையின் கொயரில் (பாடகர் குழுவில்) 40 வருடமாக பேஸ், அதாவது ஆண்களின் அடிக்குரல், பாடுகிறவர். தானாக வரவில்லை, மனைவி இழுத்துக்கொண்டு வந்திருந்தார். எனக்குத்தான் சங்கடம், ஏனென்றால் அதே கொயரில் அவருக்கு முன் வரிசையில் ஆல்டோ (பெண்களின் கீழ்க்குரல்) பாடுகிறவள் நான். மூன்று வருடமாக வாரம் தவறாமல் வியாழக்கிழமை பயிற்சியில் பார்க்கிற மனிதர், காதைச் சோதிப்பதுதான் என் பிழைப்பு, ஆனாலும் இவருக்குக் காது கேட்கவில்லை என்பது எனக்குத் தெரியாமலே போயிருக்கிறது. (அவரிடம் கேட்டுக்கொண்டுதான் இதை எழுதுகிறேன். அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.)

எப்படித் தெரியாமல் போனது என்று பிறகு யோசித்துப் பார்த்தேன். நான் பாளையங்கோட்டைப் பக்கம் சி.எஸ்.ஐ. சபையில் வளர்ந்தவள். அமெரிக்கா வந்து எபிஸ்கோப்பல் சபைக்குள் நுழைந்தபோது அந்நியமாகவே தெரியவில்லை, இரண்டும் ஆங்கிலிக்கன் குடும்பம்தானே. அதே ஆராதனை முறை, குருவானவர் ஒரு வரி, சபையார் ஒரு வரி. 1979-ல் வந்த ஜெபப் புத்தகம் ஒவ்வொரு பெஞ்சிலும் இருக்கிறது, போதாததற்கு அன்றைய ஆராதனை முழுவதையும் அச்சடித்து வாசலிலேயே கையில் கொடுத்துவிடுகிறார்கள். எப்போது எழுந்திருக்க வேண்டும், எப்போது முழங்கால் போட வேண்டும், எதற்கு ‘ஆமென்’ என்பதெல்லாம் உடம்புக்கே தெரியும். அதாவது, ஒரு சொல்கூடக் காதில் விழாமல் ஒருவர் ஒன்றேகால் மணி நேர ஆராதனையை முழுசாக முடித்துவிட்டு வீட்டுக்குப் போகலாம். காது கேளாமையை ஒளித்துவைக்க இதைவிட வசதியான இடம் எனக்குத் தெரிந்து வேறு இல்லை.

லெந்து (ஈஸ்டருக்கு முந்தின தவக்காலம்) நாட்களில் அல்லேலூயா சொல்வதில்லை. அப்பம் பிட்கும்போது வருகிற வாசகத்தில்கூட அதை விட்டுவிடுவார்கள். போன வருடம் லெந்து ஞாயிறு ஒன்றில் நம்மவர் மட்டும் அடித்தொண்டையில் கணீரென்று ‘அல்லேலூயா’ போட்டார். எல்லோரும் திரும்பிப் பார்த்துச் சிரித்தோம், நானும்தான். ரெக்டர் என்ன சொன்னார் என்பதைக் கேட்டுப் பதில் சொல்கிறவர் அல்ல, பழக்கத்தில் சொல்கிறவர் என்று அன்றைக்கே எனக்குப் பொறி தட்டியிருக்க வேண்டும்.

சரி, ஆர்கன் கேட்பவருக்குப் பிரசங்கம் ஏன் கேட்பதில்லை? வயதானால் காது எல்லாச் சத்தத்தையும் ஒரே அளவாகக் குறைப்பதில்லை. முதலில் போவது உச்ச அதிர்வெண்கள். ஆர்கனில் 16 அடிக் குழாயின் அடிச்சுரம் நொடிக்குச் சுமார் 33 அதிர்வுகள், அது காதுக்கு வருமுன்பே பெஞ்சு வழியாக உடம்புக்கு வந்துவிடும். பேச்சில் உயிரெழுத்துகளின் கனமெல்லாம் கீழ்ப்பகுதியில்தான், பெரும்பாலும் 1000 ஹெர்ட்ஸுக்குள் (ஹெர்ட்ஸ் என்றால் நொடிக்கு இத்தனை அதிர்வு என்ற கணக்கு). ஆனால் சொல்லை இன்ன சொல் என்று காட்டிக்கொடுக்கிற ‘ஸ்’, ‘ஃப்’, ‘த்’ மாதிரியான மெல்லிய ஒலிகள் 2000-க்கு மேலே, சில 4000-க்கும் மேலே இருக்கின்றன. அந்தப் பகுதி மங்கிப்போனவருக்கு ரெக்டர் சொன்னது ‘ஃபெய்த்’தா, ‘ஃபேஸா’, ‘ஃபேட்’டா என்று தெரியாது. மூன்றுக்கும் ஒரே ‘ஏ’ மட்டும்தான் வந்து சேரும். சத்தம் கேட்கிறது, பேச்சு புரியவில்லை. கிளினிக்கில் நான் அதிகம் கேட்கிற வாக்கியம் இதுதான்.

இதில் இன்னொரு அநியாயம் நடந்துகொண்டிருந்தது. பழைய ரெக்டர் ஆண், கனத்த குரல். புதியவர் பெண். பெண்களுக்குக் குருத்துவம் உண்டு என்று எபிஸ்கோப்பல் சபை 1976-லேயே தீர்மானித்துவிட்டது, எங்கள் சபையிலும் அதில் யாருக்கும் மனத்தாங்கல் கிடையாது. ஆனால் அவர் வந்த ஆறு மாதத்தில் “சரியாகப் பேசுவதில்லை, முணுமுணுக்கிறார்” என்ற புகார் வெஸ்ட்ரி வரை போய்விட்டது (வெஸ்ட்ரி என்றால் நம் ஊர் சேகரக் கமிட்டி மாதிரி). அந்த அம்மாவும் பாவம், இன்னும் நிதானமாக, இன்னும் சத்தமாக என்று மாற்றி மாற்றிப் பார்த்துக்கொண்டிருந்தார். புகார் சொன்னவர்களை மனசுக்குள் வரிசைப்படுத்திப் பார்த்தால் அநேகமாக எல்லோரும் எழுபதைத் தாண்டியவர்கள். அமெரிக்காவில் 65 முதல் 74 வயது வரை உள்ளவர்களில் ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்குச் செவித்திறன் குறைவு, 75-க்கு மேல் கிட்டத்தட்ட பாதிப் பேருக்கு. எங்கள் சபையின் பெஞ்சுகளில் உட்கார்ந்திருப்பவர்களின் வயதைப் பார்த்தால் மீதிக் கணக்கை நீங்களே போட்டுக்கொள்ளலாம். ரெக்டருடைய குரலின் மேல் போன பழியில் பாதி, கேட்டவர்களின் காதுக்குப் போய்ச் சேர வேண்டியது.

மீதிப் பாதி கட்டிடத்துக்கு. கல் சுவர், ஓட்டுத்தரை, உயரமான கூரை. அங்கே ஒரு சொல் பிறந்து சாவதற்குள் அடுத்த மூன்று சொல் வந்து அதன் மேல் விழுகின்றன. இந்த எதிரொலி நேரத்தை முதன்முதலில் ஒழுங்காக அளந்தவர் ஹார்வர்டின் வாலஸ் சபைன். 1895-ல் ஃபாக் மியூசியத்தின் விரிவுரை அறையில் ஒரு சொல் ஐந்தரை நொடி நிற்கிறது என்று கண்டுபிடித்து, பக்கத்துத் தியேட்டரிலிருந்து இருக்கை மெத்தைகளைத் தூக்கிக்கொண்டு வந்து ராத்திரி ராத்திரியாகச் சோதனை செய்தவர். நியூயார்க்கில் ஐந்தாவது அவென்யூவில் இருக்கிற புனித தோமா எபிஸ்கோப்பல் ஆலயம் கட்டப்பட்டபோது, பிரசங்கம் தெளிவாகக் கேட்க வேண்டும் என்பதற்காக ஒலியை உறிஞ்சும் ஓடுகளை இதே சபைனும் குவாஸ்டவினோ நிறுவனமும் சேர்ந்து உருவாக்கினார்கள். ஆலயம் 1913-ல் முடிந்தது. அதற்குப் பிறகு நடந்ததுதான் வேடிக்கை. அந்த ஆலயத்தின் பேரே பாட்டில்தான் நிலைத்தது, சிறுவர் கொயருக்கென்று 1919-ல் ஓர் உறைவிடப் பள்ளியையே தொடங்கினார்கள். பாடுகிறவர்களுக்கு எதிரொலி வேண்டுமே! பின்னாளில் அந்த ஓடுகளின் துளைகளை அடைத்துப் பூசிவிட்டார்கள். பிரசங்கத்துக்கும் பாட்டுக்கும் ஒரே கூரை பொருந்துவதில்லை. எங்கள் ஊர்ச் சின்ன ஆலயத்திலும் ஆர்கனிஸ்ட் தரைவிரிப்பை எடுக்கச் சொல்வதும், பின்பெஞ்சில் இருப்பவர்கள் கூடாது என்பதும் நான் வந்த நாளிலிருந்து ஓடுகிற சண்டைதான்.

நம் பெரியவருக்கு ஆடியோகிராம் (எந்த அதிர்வெண் எவ்வளவு கேட்கிறது என்று காட்டும் வரைபடம்) எடுத்தேன். 1000 ஹெர்ட்ஸ் வரை அவர் வயதுக்கு மோசமில்லை, அதற்கு மேல் கோடு மலைச்சரிவு மாதிரி இறங்கிவிட்டது. “அப்புறம் எப்படிப் பாடுறீங்க?” என்று கேட்டேன். பேஸ் பகுதி முழுக்கக் கீழ்ச்சுரங்கள், அது அவருக்குக் கேட்கிறது. பயிற்சியில் இயக்குநர் பியானோவைப் பார்த்துக் குனிந்தபடி “32-ஆவது பாரிலிருந்து” என்று சொல்வதுதான் கேட்காது. அதற்கு ஒரு வழி வைத்திருந்தார். பக்கத்தில் நிற்பவரின் பென்சில் எந்த வரியில் போய் நிற்கிறதோ அந்த வரிக்குத் தன் பென்சிலைக் கொண்டுபோவார். ஐந்தாறு வருடமாக இப்படித்தான்.

அந்தப் பக்கத்தில் நின்ற நண்பர் இறந்துபோனார். இதைச் சொல்லும்போதுதான் அவர் குரல் மாறியது. அந்த ஞாயிறு விண்ணப்ப ஜெபத்தை வாசித்தவர், காகிதத்தைப் பார்த்துத் தலைகுனிந்து, இறந்தவர்களின் பெயர்களை மெல்லிய குரலில் வாசித்திருக்கிறார். இவரும் எல்லோரோடும் சேர்ந்து “கர்த்தாவே, எங்கள் ஜெபத்தைக் கேளும்” என்று பதில் சொல்லியிருக்கிறார். ஆராதனை முடிந்து காபி நேரத்தில் ஒருவரிடம் போய், “அவன் ஏன் இன்னிக்கு வரலை?” என்று கேட்டிருக்கிறார்.

காபி நேரம் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். எபிஸ்கோப்பல் சபையில் ஆராதனை பலிபீடத்தில் முடிந்தாலும் சபை வாழ்க்கை ஹாலில்தான் நடக்கிறது. யார் ஆஸ்பத்திரியில், யாருக்குப் பேரன் பிறந்தான், லெந்துக்கு முந்தின செவ்வாய் பேன்கேக் விருந்துக்கு அடுப்பங்கரையில் யார் நிற்கப்போகிறார்கள், எல்லாம் அங்கேதான். காதுக்கோ அதுதான் நரகம். தாழ்ந்த கூரை, வழுக்குத் தரை, இரும்பு நாற்காலி இழுபடுகிற சத்தம், ஒரே நேரத்தில் அறுபது பேர். ஆராதனையில் புத்தகம் காப்பாற்றும், இங்கே கையில் ஒரு கப் மட்டும்தான். காது மந்தமானவர்கள் முதலில் விடுவது ஆராதனையை அல்ல, இந்தக் காபியை. காருக்கு நேராகப் போய்விடுவார்கள். அப்புறம் குளிர்காலம் வரும், வழுக்குகிறது என்பார்கள், ஆன்லைனில் பார்த்துக்கொள்கிறேன் என்பார்கள். “முன்ன மாதிரி ஆர்வம் இல்லை போல” என்று சபை நினைத்துக்கொள்ளும்.

அவருக்குக் கருவி பொருத்தினோம். இங்கேயும் ஒன்று சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் பாட்டுக்காரர்கள் நிறையப் பேர் கருவியை மேசை இழுப்பறைக்குள் போட்டுவைத்திருப்பது இதனால்தான். காதுக்கருவி பேச்சுக்காகச் செய்யப்பட்டது. ஆர்கன் ஒரு சுரத்தை நீட்டிப் பிடித்தால் ‘இது கருவியின் சொந்த விசில் சத்தம்’ என்று தப்பாக நினைத்து அதை அழிக்கப்பார்க்கும். அப்போது சுரம் தண்ணீருக்குள் பாடுகிற மாதிரி நடுங்கும். இரைச்சல் குறைப்பு, விசில் தடுப்பு இரண்டையும் தளர்த்தி இசைக்கென்று தனி அமைப்பு ஒன்று போட்டுத் தரச் சொல்லிக் கேளுங்கள். முடியும், அரை மணி நேர வேலை. 2022 அக்டோபரிலிருந்து இங்கே மருந்துச் சீட்டு இல்லாமலே கடையில் கருவி வாங்கலாம், லேசான அல்லது நடுத்தரக் குறைவுள்ள பெரியவர்களுக்கு மட்டும். முதியோருக்கான அரசுக் காப்பீடான சாதாரண மெடிகேர் காதுக்கருவிக்குப் பணம் தராது என்பதால் நிறையப் பேருக்கு அது உதவிதான். ஆனால் வாங்குமுன் ஒருமுறை சோதித்துக்கொள்ளுங்கள். காதில் வெறும் குரும்பி அழுக்கை வைத்துக்கொண்டு ஆயிரம் டாலர் செலவழித்தவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

கருவி மட்டும் போதாது. ஆலயத்தில் பேசுகிறவருக்கும் காதுக்கும் நடுவே இருக்கிற அறுபது அடியை எந்தக் கருவியாலும் சுருக்க முடியாது. அதற்குத்தான் லூப். தரையைச் சுற்றி ஒரு கம்பி, மைக்கின் ஒலி அதில் காந்தப்புலமாக ஓடும், கருவிக்குள் இருக்கிற டி-காயில் என்ற சிறு சுருள் அதை வாங்கிக்கொள்ளும். ரெக்டர் நேராகக் காதுக்குள் பேசுகிற மாதிரி இருக்கும், எதிரொலியே வராது. வாசலில் காதுப் படமும் ஆங்கில ‘டி’ எழுத்தும் போட்ட நீலப் பலகையைப் பார்த்தால் அங்கே லூப் இருக்கிறது என்று பொருள். ஊனமுற்றோர் உரிமைக்கான 1990 சட்டம் இதையெல்லாம் பொது இடங்களில் கேட்கிறது, வழிபாட்டு இடங்களுக்கு மட்டும் விலக்கு. ஆகவே சபையே மனசு வைத்தால்தான் உண்டு.

வெஸ்ட்ரியில் பேசப் போனேன். “நாலு பேருக்காகவா?” என்றார் ஒருவர். கோபம் வந்தது, ஆனால் நான் சொன்னது அவர்களுடைய சபையின் சரித்திரத்தைத்தான். 1852-லேயே நியூயார்க்கில் காது கேளாதவர்களுக்கென்று புனித அன்னாள் சபையைத் தொடங்கியவர் தாமஸ் கலோடெட், எபிஸ்கோப்பல் குருவானவர், அவருடைய அம்மாவும் மனைவியும் காது கேளாதவர்கள். அவரால் ஊக்கம் பெற்ற ஹென்றி விண்டர் சைல், காது கேளாதவர்களில் முதன்முதலாக அந்தச் சபையில் குருப்பட்டம் பெற்றவர், 1883-ல். இரண்டு பேரையும் சபை நாட்காட்டியில் ஆகஸ்ட் 27 அன்று நினைவுகூர்கிறார்கள். “நாள் வைத்துக் கும்பிடுகிறோம், கம்பி போட மாட்டோமா?” என்று கேட்டுவிட்டேன், கொஞ்சம் அதிகப்பிரசங்கித்தனமாக. மூன்று மாதத்தில் பணம் சேர்ந்தது.

போடப்போகிற சபைகளுக்கு ஒரு விஷயம். முதலில் இடத்தைச் சோதிக்கச் சொல்லுங்கள், பழைய மின்கம்பிகள் இருந்தால் லூப்பில் ‘ம்ம்ம்’ என்று ரீங்காரம் வரும். எங்களுக்கு வந்தது, ஒரு சுவர் முழுக்க வயரிங் மாற்ற வேண்டியிருந்தது. அப்புறம், கம்பியைப் பெஞ்சுப் பகுதியோடு நிறுத்தப் பார்த்தார்கள். கொயர் உட்கார்ந்திருக்கும் இடத்துக்கும் வேண்டும் என்று சண்டை போட்டு வாங்கினோம். ஹாலில் நாற்காலிக் கால்களுக்கு ஃபெல்ட் ஒட்டினோம், மேசைகளுக்குத் துணி விரித்தோம், சுவரோரமாக நாலு பேர் உட்காரும் சின்ன வட்ட மேசை இரண்டு போட்டோம். அதற்கு ஆன செலவு ஒன்றுமே இல்லை என்று சொல்லலாம், பலன் லூப்புக்குச் சமம்.

ஊரில் இருக்கிறவர்கள் கேட்பீர்கள், “நம்ம சபையில்தான் நாலு மூலையிலும் பாக்ஸ் கட்டி அலற விடுறோமே” என்று. அதைத்தான் சொல்கிறேன். சத்தம் கூட்டினால் ‘ஸ்’ஸும் ‘த்’தும் கூடுவதில்லை, எதிரொலிதான் கூடுகிறது.

லூப் வந்தபிறகும் ஒரு வில்லன் மிச்சம். மைக்கில் பேசுவது மட்டும்தான் லூப்பில் போகும். “என் குரல் பெரிசு, எனக்கு மைக் வேண்டாம்” என்று எழுந்து நின்று அறிவிப்புச் செய்கிறாரே ஒருவர், எல்லாச் சபையிலும் இருக்கிறார், அவர் டி-காயிலில் இருப்பவர்களுக்கு வெறுமனே வாயசைக்கும் மனிதர்.

போன மாதம் அப்படித்தான் ஒருவர் நடு ஆலயத்தில் எழுந்து, மைக்கைக் கையால் தள்ளிவிட்டு, பேன்கேக் விருந்துக்கு ஆள் கேட்க ஆரம்பித்தார். எனக்குப் பின் வரிசையிலிருந்து ஒரு கை உயர்ந்தது. 40 வருடமாகக் கொயரில் பாட்டைத் தவிர வாயே திறக்காத மனிதர், அறிவிப்பு பாதியிலேயே நிற்கும்படி, அதே பேஸ் குரலில் சொன்னார்:

“மைக்.”