சந்தை விழும்போது கண்ணில் படும் அந்த 10% டிவிடெண்ட்

சந்தை இறங்க ஆரம்பித்ததுமே வாட்ஸ்அப்பில் ஒரு பட்டியல் சுற்றத் தொடங்கிவிடுகிறது. அதிக டிவிடெண்ட் (கம்பெனி தன் லாபத்திலிருந்து பங்குதாரருக்குக் கொடுக்கும் தொகை) தரும் பங்குகள், 8%, 10%, 12% என்று வரிசையாக. ஆடிட்டராக என்னிடம் கணக்குப் பார்க்க வருபவர்கள், அதிலும் ஓய்வுபெற்ற பணம் அப்போதுதான் கைக்கு வந்தவர்கள், அதைக் காட்டி "எஃப்.டி.யை உடைச்சு இதுல போட்டுடலாமா சார்?" என்று கேட்கிறார்கள். ஆசைப்படுவதில் தப்பே இல்லை, ஆனால் அந்த 10% எங்கிருந்து வந்தது என்று தெரியாமல் பணத்தை எடுக்காதீர்கள்.

போன வருடம் கொடுத்த டிவிடெண்டை இன்றைய விலையால் வகுத்தால் வருவதுதான் அந்த எண். 200 ரூபாய்ப் பங்குக்கு 10 ரூபாய் கொடுத்திருந்தால் 5%. அதே பங்கு 100 ரூபாய்க்கு விழுந்துவிட்டால், கம்பெனி ஒரு பைசா கூட்டிக் கொடுக்காமலே அது 10% ஆகிவிடும். ஆகவே பார்க்க வேண்டியது விலை ஏன் பாதியானது என்பதை. மொத்தச் சந்தையும் பயந்து விழுந்ததா, அல்லது இனி அந்த 10 ரூபாய் வராது என்று கணக்குப் போட்டவர்கள் விற்றுவிட்டுப் போகிறார்களா?

2020 மார்ச் 23 அன்று சென்செக்ஸ் ஒரே நாளில் 13% விழுந்தது. பழைய டிவிடெண்டை நம்பி அன்றைக்கு வங்கிப் பங்கு வாங்கியவர்களுக்கு என்ன ஆனது? ஏப்ரல் 17 அன்று ரிசர்வ் வங்கி, 2019-20 லாபத்திலிருந்து எந்த வங்கியும் இனி டிவிடெண்ட் தரக்கூடாது என்று உத்தரவு போட்டது. நல்ல லாபத்தில் இருந்த வங்கிகளுக்கும் அதே தடைதான்.

மறுபக்கமும் உண்டு. 2010இல் 245 ரூபாய்க்கு வெளியான கோல் இந்தியா, 2020 அக்டோபரில் 120க்குக் கீழே கிடந்தது. அப்போது வாங்கியவருக்கு அந்த நிதியாண்டு முடிவதற்குள்ளேயே 12 ரூபாய் 50 காசு கைக்கு வந்தது, அப்புறம் விலையும் ஏறியது. ஆனால் வெளியீட்டிலேயே வாங்கியவர், வருடாவருடம் டிவிடெண்ட் வாங்கிக்கொண்டே, பத்து வருடம் கழித்தும் போட்ட முதல் பாதியாகக் கிடப்பதைத்தான் பார்த்தார். வேதாந்தா 2022-23இல் பங்குக்கு 101.50 ரூபாய் அள்ளிக் கொடுத்தது, அதே வருடத்தில் 400க்கு மேல் இருந்த விலை 300க்குக் கீழே போனது. தாய் நிறுவனத்துக்குப் பெரிய கடன் இருந்தது, டிவிடெண்டில் பெரும்பங்கு அங்கேதான் போனது. அப்படிப்பட்ட ஒரு வருடத்தை வைத்து அடுத்த வருடத்தைக் கணக்கிட முடியாது.

ஒரு கம்பெனியின் ஆண்டறிக்கை கைக்கு வந்தால் நான் முதலில் திருப்புவது பணப்புழக்க அறிக்கையைத்தான். தொழிலிலிருந்து வந்த ரொக்கத்தில், இயந்திரம் கட்டடம் என்று போட்டது போக மீந்ததிலிருந்து டிவிடெண்ட் கொடுத்தார்களா, இல்லை கடன் வாங்கியோ சொத்தை விற்றோ கொடுத்தார்களா என்று அங்கே தெரிந்துவிடும். லாபக் கணக்கில் இது தெரியாது. 2008-09, 2020-21 மாதிரி மோசமான வருடங்களில் அந்தக் கம்பெனி எவ்வளவு கொடுத்தது என்பதையும் பாருங்கள், நல்ல காலத்துச் சராசரி எதையும் சொல்லாது.

'500% டிவிடெண்ட்' என்று செய்தி வந்தால் மயங்க வேண்டாம், அது சந்தை விலையின் மேல் அல்ல, முகமதிப்பின் (பங்குக்குக் கம்பெனி குறித்திருக்கும் அடிப்படை மதிப்பு) மேல் போடும் கணக்கு. முகமதிப்பு 1 ரூபாய் என்றால் கிடைப்பது 5 ரூபாய்தான். டிவிடெண்டுக்காகவே ரெக்கார்ட் தேதிக்கு (அன்று யார் பெயரில் பங்கு இருக்கிறதோ அவருக்குத்தான் டிவிடெண்ட்) முந்தின நாள் வாங்குவதிலும் லாபமில்லை, மறுநாள் விலை ஏறக்குறைய அந்த அளவுக்கு இறங்கித்தான் தொடங்கும்.

வரியையும் சேர்த்துப் பாருங்கள். 2020 ஏப்ரலிலிருந்து டிவிடெண்ட் உங்கள் வருமானத்தோடு சேர்ந்துவிடுகிறது, 30% வரி கட்டுபவருக்கு அந்த 10% என்பது 7%க்கும் கீழேதான். ஒரு கம்பெனியிடமிருந்து வருடத்துக்கு 10,000 ரூபாய்க்கு மேல் வந்தால் 10% டிடிஎஸ், அதாவது கொடுக்கும்போதே வரி, பிடிப்பார்கள். வரி வரம்புக்குள் வராதவர்கள் வரி பிடிக்க வேண்டாம் என்ற உறுதிமொழிப் படிவத்தை முன்கூட்டியே கொடுத்துவிடுங்கள், நிறையப் பேர் இதை மறந்துவிட்டு ரீஃபண்டுக்குக் காத்திருக்கிறார்கள்.

அந்த எஃப்.டி. கேள்விக்கு என் பதில் இதுதான். 60 தாண்டியவர் என்றால் முதலில் மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டத்தைப் பாருங்கள், 2023 ஏப்ரலில் அதன் வட்டியை 8.2% ஆகவும் உச்சவரம்பை 30 லட்சமாகவும் உயர்த்தினார்கள், அரசு உத்தரவாதமும் இருக்கிறது. குறைந்தது மூன்று வருடச் செலவுக்கான பணத்தை இப்படிப்பட்ட இடத்தில் வைத்துவிட்டு, மிச்சத்தில் ஒரு பகுதியை மட்டும், நாலைந்து வேறு வேறு தொழில்களில் பிரித்து, ஒரே நாளில் இல்லாமல் சில மாதங்களில் கொஞ்சம் கொஞ்சமாகப் போடுங்கள்.